அவர் அள்ளிவந்த வாவித் தண்ணீர்

சுனாமி அக்காவைக் கொண்டுபோன பிறகு என்னால் தண்ணீருக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. என் வேலையோ தண்ணீரோடுதான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில், வாவியில் மிதந்து வாழும் டயற்றம்களை இனம் பிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அவை. கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் வாழ்பவை.

"நீ போகாத. நான் அள்ளிக்கொண்டு வாறன்," என்றார் என் கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பவர். வாரம் தவறாமல், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குச் சைக்கிளில் போய், ஒரு தோணிக்காரரோடு ஏறி, என் மெல்லிய வலையை இழுத்து, போத்தலில் கொண்டுவருவார்.

ஒருநாள் பாதிப் போத்தலோடு வந்தார். யுத்த காலம் அது; சோதனைச் சாவடியில் கலங்கல் தண்ணீரைக் கண்ட ஆமிக்காரன் சந்தேகப்பட்டு, குடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறான்.

"குடிச்சீங்களா?"

"வேற என்ன செய்ய? உன்ட டயற்றம் பாதி இப்ப என்ட வயித்துக்குள்ள."

சிரித்தார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

மீதியை வீணாக்க மனம் வரவில்லை. அடுத்த நாள் அதை அமிலத்தில் வேகவைத்து, எஞ்சிய வெறும் ஓடுகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். எல்லாம் தோணி வடிவம். மாதக்கணக்காக அவற்றை ஒரே இனம் என்றுதான் எழுதிவந்தேன். அன்று ஏனோ ஓட்டின் மேலிருந்த புள்ளி வரிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். சிலவற்றில் வரிகள் நெருக்கம், சிலவற்றில் ஐது. திரும்பத் திரும்ப எண்ணினேன். இரண்டு இனங்கள்தான்.

அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டு போலத்தானே கிடக்கு?"

"முதுகில கோடுகளைப் பாருங்க."

"ஓம்... ஓம், இதில நெருக்கமாக் கிடக்கு." பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதில எதை நான் குடிச்சன்?"

"ரெண்டையும்தான்."

யுத்தம் முடிந்து, சாவடிகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. ஒரு காலை அவர் வலையைச் சைக்கிளில் கட்டும்போது, "நானும் வாறன்," என்றேன். கரியரில் ஏறிக்கொண்டேன்.

தோணியில் கால் வைத்ததும் அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இரைந்தது. அக்காவின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். தோணிக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு மறுபக்கம் பார்த்திருந்தார். அழுது ஓய்ந்ததும் கணவர் வலைக் கயிற்றை என் கையில் தந்தார். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

"மெல்ல," என்றார்.

இழுத்தேன்.