பின் ரோட்டில் போன பெட்டி

பத்து சதவீதம். இந்த எண்ணை மறக்காதீர்கள். எண்பதுகளில், தொழிற்சாலை வைக்க வரும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் எங்கள் அயர்லாந்து கேட்ட லாப வரி அவ்வளவுதான். நோனி ரூவானின் சம்பளத்தில் பிடித்தது மூன்றில் ஒரு பங்கு. ஏன் என்று கேட்டால், சின்ன நாடு, போட்டியில் நிற்க வேண்டாமா என்பார்கள்.

நோனி எங்கள் மேயோ மாவட்டத்து ஊர்க்காரி. ஜிப் தொழிற்சாலையில் பெட்டி கட்டினாள். அவள் புருஷன் லூக் அங்கேயே லாரியில் சரக்கு ஏற்றினான். நான் தொழிற்சங்கத்துக்காரன், சந்தா கேட்டுப் போனால் முதலில் டீ கொடுப்பாள், அப்புறம் திட்டுவாள். ஒருநாள் கம்பெனி போர்ச்சுகலுக்கு நடையைக் கட்டியது. கூலி அங்கே குறைவாம்.

லூக் செத்து, அடக்கம் செய்யும் நாளன்றுதான் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அந்தக் காலிக் கட்டடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் ஊரில் சவப்பெட்டி கல்லறைக்குப் போகும் வழியில், செத்தவர் வேலை பார்த்த இடத்தின் வாசலில் சற்று நிற்கும்; தொழிற்சாலை வாசல் இருப்பது முன் ரோட்டில். முதலீட்டு அலுவலகத்து ஃபெர்கல் டான்சி துக்க வீட்டுக்கே வந்துவிட்டான். அவனும் இந்த ஊர்க்காரன்தான். ஹாம் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே கேட்டான்:

“நோனிக்கா, பின் ரோட்டு வழியா கொண்டுபோயிடுங்களேன். வர்றவங்க கண்ணுல மொதல்ல சவப்பெட்டியா படணும்?”

விட்டுக்கொடுக்காதே என்று நான் குறுக்கே போனேன்.

“நீ வாயை மூடு பாட். உன் பையன் பாஸ்டன்ல செட்டில் ஆயிட்டான். என் அசம்ப்டா லண்டன் கப்பலுக்கு டிக்கெட் விசாரிச்சிட்டிருக்கா. ஏன்டா ஃபெர்கல், வேலை வந்தா எம்பொண்ணு இங்கயே இருப்பாளா?”

இருப்பாள் என்றான். அப்படியானால் பின் ரோடு என்றாள் நோனி.

கூத்தைக் கேளுங்கள். பின் ரோடு அந்தக் கட்டடத்தின் முதுகை ஒட்டித்தான் போகிறது. கழிவுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் அங்கேதான் வந்து நின்றிருந்தார்கள். வளைவில் திரும்பினோம், நேருக்கு நேர். எதிரே சவம் வந்தால் திரும்பிக் கூடவே மூன்றடி நடப்பது எங்கள் வழக்கம். நடக்காதவனை மனுஷனாக மதிக்க மாட்டோம். டான்சிக்குக் கால் தானாகத் திரும்பிவிட்டது. விருந்தாளிகளைக் குழாயடியில் விட்டுவிட்டுத் தலைகுனிந்து நடந்தான். மூன்றடியோடு நிற்கவும் இல்லை.

அமெரிக்கர்களின் தலைவர் பின்னாலேயே ஓடிவந்தார். ஊரே வருகிறதே, இத்தனை பேருக்கும் யார் லீவு கொடுத்தது என்று கேட்டார். டான்சி விழித்தான். நோனிதான் திரும்பினாள்.

“லீவா? வேலை இருந்தாத்தானய்யா லீவு.”

அந்த ஆளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை கைகள் சும்மா கிடக்கிற ஊர் வேறெங்கே கிடைக்கும்? அந்த மாதமே கையெழுத்துப் போட்டார்கள். வரி அதே பத்து சதவீதம். வாடகை கிடையாது, சங்கம் கிடையாது. ஐந்து வருஷம் இருந்துவிட்டால் அரசு கொடுத்த மானியத்தைத் திருப்பித் தர வேண்டாம். கூலி மட்டும் ஜிப் கம்பெனி கொடுத்ததைவிடக் குறைவு.

சங்கம் இல்லாத இடத்துக்கா மகளை அனுப்புகிறாய் என்று கத்தினேன்.

“சாயங்காலம் வீட்டுக்கு வர்றா பாட். எனக்கு அது போதும்.”

சந்தாப் புத்தகத்தை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

அசம்ப்டா இப்போது லண்டனில் இருக்கிறாள். டான்சி அடுத்த கம்பெனிக்காக அதே தொழிற்சாலை கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் தேடுகிறான். எவன் வந்து நின்றாலும் தன் பெட்டி முன் ரோட்டில்தான் போக வேண்டும் என்று நோனி பாதிரியாரிடம் சொல்லிவைத்துவிட்டாள்.

அசம்ப்டாவின் வேலை நீடித்தது ஐந்து வருஷம்.