நான் சரி பார்த்த நான்கு பக்கங்கள்

படம் முடியும் வரை நான் உட்கார்ந்திருக்கவில்லை. கடைசிக் கால் மணித்தியாலத்தில் கதாநாயகி தன் ஊன்றுகோலைக் கடலில் வீசிவிட்டு இரண்டு காலும் நேராக ஊன்றி நடந்து வந்தாள். தியேட்டரே விசிலடித்தது. நான் எழுந்தேன். மட்டக்களப்பு டவுனில் உள்ள அந்தத் தியேட்டரில் நடுவழி சரிவாக இருக்கும். இடது கால் சூம்பிய ஒருத்திக்கு இருட்டில் அதில் ஏறி வெளியே வருவது லேசான வேலையில்லை. விசிலடித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் உடனே நிறுத்திவிட்டு, "அக்காக்கு வழி விடுங்கடா, பாவம்" என்று ஒதுங்கினார்கள். அந்தப் பாவத்தைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வெளியே வந்தால் பட்டப்பகல் வெயில். கல்லடிப் பாலத்தைத் தாண்டி நாவற்குடாவுக்கு ஓட்டோவில் போகும் வழியெல்லாம் எங்கள் வாட்சப் குழுவுக்குக் குரல் பதிவுகளாக அனுப்பித் தள்ளினேன். பதினொன்று. ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

அந்தக் குழுவில் பதினேழு பேர் இருக்கிறோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டிய சித்திரக்கதைப் பைத்தியங்கள். நான் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். மற்றவர்களில் ஓட்டமாவடியில் கடை வைத்திருப்பவர் ஒருவர், பாசிக்குடா ஹோட்டலில் சமையல்காரர் ஒருவர், மண்டூரில் ஆசிரியராக இருக்கும் ஒருவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். எங்கள் காமிக்ஸ் ஒன்று படமாகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்தக் குழுவில் யாரும் சரியாக வேலை பார்க்கவில்லை.

அந்தக் கதையின் நாயகி மீட்புப் படகு ஓட்டுகிறவள். கடலில் தாழ்ந்த கப்பல்களிலிருந்து சாமான் எடுப்பாள், இடையில் கள்ளரையும் பிடிப்பாள். ஒரு கால் அவளுக்கு இழுக்கும். ஈர மணலில் அவள் நடந்து போனால் ஒரு பாதமும் ஒரு கோடும் விழும், ஒரு பாதமும் ஒரு கோடும். எதிரிகள் அதைப் பார்த்துத்தான் அவளைத் தேடி வருவார்கள். அவளைக் காப்பாற்ற வருகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். எனக்குப் பதின்மூன்று வயதில் அந்தப் படக்கட்டத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நேரே வாவிக்கரைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தேன். ஒரு பாதம், ஒரு கோடு. அதுவரை என் நடையை நான் பார்த்ததேயில்லை. மற்றவர்கள் பார்ப்பதைத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு எனக்கு அது வடிவாகத் தெரிந்தது.

என்னோடு அன்று கரையில் நின்றவள் என் காத்தான்குடித் தோழி. நாவற்குடாவும் காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள்தான். ஆனால் தமிழ், முஸ்லிம் கலவரம் நடந்த அந்த வருடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒருவரும் சும்மா போய் வரமாட்டார்கள். நாங்கள் இருவரும் டவுனில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். அவளுடைய வாப்பா கொழும்பிலிருந்து புடவைக் கட்டுகள் எடுத்து வருவார். கட்டுக்குள்ளே பழைய காமிக்ஸ் புத்தகங்களும் வரும். மட்டக்களப்பு வாசகர்களுக்கு அவள் வீடுதான் துறைமுகம்.

வந்த புத்தகங்கள் முழுசாக வராது. அட்டை இருக்காது, நடுப்பக்கம் இருக்காது, சிலவற்றில் கடைசிப் பக்கம் இருக்காது. அதனால் எங்களிடம் ஒரு வேலைமுறை இருந்தது. இல்லாத பக்கத்தை வேறு பிரதி வைத்திருப்பவரிடமிருந்து பார்த்து, அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளில் கட்டம் கட்டமாகப் படம் கீறி, வசனம் எழுதி, கஞ்சிப் பசையால் ஒட்டுவோம். கீறியவர் ஒரு ஆள் என்றால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இன்னொரு ஆள். பிழை இல்லையென்றால் ஒப்பிட்டவர் அடியில் "சரி பார்த்தது" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். பிழை இருந்தால் "பிழை" என்று எழுதுவார், அந்தப் பக்கத்தைத் திரும்பக் கீற வேண்டும். சொந்தச் சரக்கு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. அந்தக் கையெழுத்து இல்லாத புத்தகம் கை மாறாது.

சரி பார்க்கிறவள் நான். பொல்லாதவள் என்று பெயர் எடுத்திருந்தேன். வில்லனின் தொப்பியில் இறகு ஒன்று குறைந்ததற்காக ஒருவரை மூன்று தரம் கீற வைத்திருக்கிறேன். அவர் இன்னும் குழுவில் இருக்கிறார், இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

படகுக்காரியின் கடைசிக் கதை வந்தபோது அதில் கடைசி நான்கு பக்கமும் இல்லை. தோழி இரண்டு கிழமையில் அவற்றைக் கீறிக்கொண்டு வந்தாள். "கொழும்பில மாமாட மகளிட்ட முழுப் புத்தகம் இரிக்கு. அவள் ஒவ்வொரு கட்டமா எழுதி அனுப்பின. அதப் பாத்துத்தான் கீறினன்" என்றாள்.

அந்த முடிவை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் காலைச் சுகப்படுத்தித் தருகிறேன் என்று வருவார். அவள் சிரித்துக்கொண்டு, "என் படகுக்கு இந்தக் கால் போதும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடப்பாள். கடைசிக் கட்டத்தில் ஆளே இருக்காது. மணலில் ஒரு பாதம், ஒரு கோடு, தண்ணீர் வரைக்கும். நான் அன்று அழுதேன். அடியில் "சரி பார்த்தது" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அந்தப் பிரதிதான் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓட்டமாவடி வரை ஊர் ஊராகப் போய் வந்தது. எங்கள் குழுவில் இருக்கிற பதினேழு பேரும் அந்த ஒரே புத்தகத்தை வாசித்தவர்கள்தான்.

இப்போது தெரிந்திருக்கும், தியேட்டரில் எனக்கு ஏன் பத்திக்கொண்டு வந்தது என்று.

குழுவில் சண்டை மூண்டது. படமே வந்தது பெரிய விசயம், அதற்குள் குற்றம் பிடிக்காதீர்கள் என்றார் ஓட்டமாவடிக்காரர். பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடுவார்கள் என்றார் சமையல்காரர். பிள்ளைகள் தேடி வரும்போது கையில் என்ன இருக்கும் என்று நான் கேட்டேன். மாஸ்டர் வழக்கம்போல அமைதியாகக் குரல் பதிவு அனுப்பினார்.

"எங்கட ஊரில கூத்துப் பழக்கிற அண்ணாவியார் விடிய விடிய ஆடின கூத்த ஒண்டரை மணித்தியாலமாக்கிக் காட்டினவர். சனம் ஏத்துக்கிட்டுதானே, தங்கச்சி? காலத்துக்குத் தக்க மாத்தத்தானே வேணும்."

"குறைக்கலாம் மாஸ்டர்" என்றேன். "ராசாட வரவில நாலு பாட்டக் குறைக்கலாம், கட்டியகாரன வேளையோட அனுப்பலாம். போரில செத்த ராசாவ, சனம் கைதட்டும் எண்டு எழுப்பி நடக்க விட்டவரா உங்கட அண்ணாவியார்?"

நான் வென்றுவிட்டேன் என்று பாமசியில் பாட்டுப் பாடிக்கொண்டு மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மாஸ்டர் திரும்பி வந்தது மூன்று கிழமை கழித்து, நான்கு புகைப்படங்களோடு. படம் வந்த கையோடு இந்தியாவில் அந்தக் கடைசிக் கதையை மறுபதிப்புப் போட்டிருந்தார்கள். மாஸ்டர் அதை வரவழைத்திருக்கிறார். படங்களின் கீழே, "குறை நினைக்க வேண்டாம் தங்கச்சி, பாத்தத அனுப்புறன்" என்று எழுதியிருந்தார். டாக்டர் வருகிறார். அவள் கண்ணீரோடு சம்மதிக்கிறாள். சத்திர சிகிச்சை நடக்கிறது. அதற்குப் பிறகு பிடித்திருந்த ஊன்றுகோலை அவள் கடலில் வீசுகிறாள். துறைமுகமே கைதட்டுகிறது. மணலில் இரண்டு பாதங்கள், அழகாக, அடுத்தடுத்து.

படம் எழுத்துக்கு எழுத்து சரி. முப்பது வருடமாகப் பிழையாக வாசித்தவர்கள் நாங்கள். ஓட்டமாவடிக்காரர், "அப்ப டைரக்டர விட்டுட்டு அக்காவத்தான் புடிக்கணும்" என்று போட்டார். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. தொப்பி இறகுக்காரர் மட்டும் பன்னிரண்டு போட்டார். நான் போனை அணைத்து வைத்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

அன்று பின்னேரமே காத்தான்குடிக்குப் போனேன். தோழி இப்போது வீட்டிலேயே அபாயா தைத்துக் கொடுக்கிறாள். மெசினுக்கு முன்னால் இருந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"அந்த நாலு பக்கமும் கிழிஞ்சா வந்த?" என்று கேட்டேன்.

"படம் வந்த நேரமே நீ வருவாய் எண்டு நினைச்சன்."

"கேட்டதுக்குச் சொல்லு."

"இல்ல. நான்தான் கிழிச்சன்."

"மாமாட மகள்?"

"மாமாக்கு மூணும் ஆம்புளப் புள்ளையள்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று ஒழுங்காக நினைவில்லை. சட்டத்தை மீறினாய், ஊரையே ஏமாற்றினாய், என் கையெழுத்தை வாங்கி ஏமாற்றினாய் என்றெல்லாம் கத்தினேன். அவள் நான் கத்தி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சா?" என்றாள். "வாவிக்கரையில நீ நடந்து காட்டினியே, அதுக்குப் பத்து நாளைக்குப் பொறவு வந்த புத்தகம் அது. ராவைக்கு வாசிச்சிட்டு எனக்குச் சோறு இறங்கல்ல. அந்த நாலு பக்கத்தையும் உன்ட கையில தந்து, இந்தா பாரு, இவளும் நேரா நடந்திட்டாள் எண்டு நான் சொல்லணுமா? உன்ட சட்டத்துக்காக? அடுப்பில போட்டன். இப்ப வந்தாலும் போடுவன்."

நான் அவள் தோளில் விழுந்து அழுதேன். பதின்மூன்று வயதில் அழுதது அந்தப் படகுக்காரிக்காக. இந்த அழுகை இவளுக்காக. அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "மெதுவா புள்ள, துணியில கண்ணீர் படுது, நாளைக்குக் குடுக்கணும்" என்றாள்.

அதன் பிறகு பிளேன்டீ குடித்துக்கொண்டு இருவரும் நெடுநேரம் கதைத்தோம். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் மாஸ்டர் கேட்டிருந்தார்: "அப்ப மாத்தலாம் எண்டு இப்ப ஒத்துக்கொள்ளுறீங்கதானே?"

ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் இல்லை. ரசிகர்கள் எதையும் சகிக்க வேண்டும், அதிகம் உரிமை கொண்டாடக் கூடாது என்று சொல்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஒரு கதையை வருடக்கணக்காகக் கைக்குள் வைத்துக் காப்பாற்றியவர்களுக்கு அதில் பங்கு இருக்கிறது. படம் எடுத்தவர் கேட்டது கைதட்டல். முடிவை எழுதியவர் கேட்டதும் கைதட்டல்தான். என்னைப் போல ஒருத்தி அந்தப் பக்கத்தைப் புரட்டுவாள், புரட்டியதும் தன் காலைப் பார்ப்பாள் என்ற நினைப்பு அந்த இரண்டு பேருக்கும் வரவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்திக்கு வந்தது. அவள் கீறினாள். படம் புத்தகத்துக்கு உண்மையாக இருக்கட்டும். அந்தப் புத்தகம் தன்னுடைய படகுக்காரிக்கு உண்மையாக இருக்கவில்லையே. ஏழு கதைகளாக அந்தக் காலோடு கடலை ஆண்டவளை எட்டாவது கதையில் குறையுள்ளவள் ஆக்கிச் சுகப்படுத்தி அனுப்பியவர் எழுத்தாளர். அவருக்கும் என்னிடம் மன்னிப்பில்லை.

இதை எழுதி அனுப்பியபோது குழுவில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வரவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோரும் நேரில் கூடுவோம், இரண்டு புத்தகத்தையும் கொண்டுவாருங்கள் என்று மாஸ்டர் மட்டும் பதில் போட்டார்.

நாவற்குடாவில் ஒரு வாசிகசாலையில் ஒன்பது பேர் வந்து சேர்ந்தோம். தோழியும் வந்தாள், எங்கள் கூட்டத்துக்கு முப்பது வருடத்தில் முதல் தடவையாக. பழைய பிரதியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் மாஸ்டரின் மறுபதிப்பு, பளபளவென்று, கெட்டி அட்டையோடு. எங்கள் புத்தகத்தில் கஞ்சிப் பசை மஞ்சளாகி, பூச்சி அரித்திருந்தது. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் புரட்டினார். கடைசிக் கட்டத்தின் கீழே என் பதின்மூன்று வயதுக் கையெழுத்தில் விரல் வைத்தார்.

"சரி பார்த்தது எண்டு போட்டிரிக்கே தங்கச்சி. எதோட வெச்சுச் சரி பார்த்த நீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொப்பி இறகுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். மூன்று தரம் கீற வைத்தவளின் வாயிலிருந்து வருவதைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

"ஒண்டோடயும் பாக்கல்ல மாஸ்டர்" என்றேன். "எனக்குப் புடிச்சிருந்திச்சு. போட்டன்."

சொல்லிவிட்டு இரண்டு புத்தகங்களையும் என் பக்கம் இழுத்தேன். கட்டம் கட்டமாக, வசனம் வசனமாக, அந்த நாளில் பார்ப்பது போலவே விரல் வைத்து ஒப்பிட்டேன். அரை மணித்தியாலம் எடுத்தது. முடித்ததும் எங்கள் பிரதியில் பழைய கையெழுத்துக்குக் கீழே இன்னொரு தரம் "சரி பார்த்தது" என்று எழுதி ஒப்பம் வைத்தேன். பிறகு மாஸ்டரின் மறுபதிப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தை விரித்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"புதுப் புத்தகம் தங்கச்சி" என்றார். "பென்சிலால எழுதுங்களன்."

"பிழை" என்று பேனையால் எழுதினேன்.