டயர் மேல் உட்கார்ந்திருந்த இன்ஜின்

1. பிடித்துக்கொண்டது

மாதம்மாவின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில் என் ஷெட். வண்டி ஏழு சீட் டீசல் கார். வத்தல்மலையில் அவர் ஒருவர்தான் பெண் டிரைவர். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, மலையிலிருந்து சந்தைக்குக் காய் மூட்டையும் ஆட்களும் ஏற்றி வருவார்.

வளைவில் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. ஹீட் மீட்டர் வேலை செய்யவில்லை. தெரியாமல் மேலே வரைக்கும் ஓட்டிவிட்டார்.

கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். அசையவில்லை.

"புடிச்சுக்கிச்சு" என்றேன்.

"யாரு?"

"பிஸ்டன்."

"விடச் சொல்லுங்கண்ணா" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஹெட்டைக் கழற்றினேன். பிளாக்கில் விரிசல். சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தும் பயனில்லை. வேறு இன்ஜின்தான் என்றேன்.

"எப்ப ஆவும்?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா எப்படீங்கண்ணா? இந்த வாரம் மூட்டையெல்லாம் பெருமாளு வண்டியில ஏத்திட்டாங்க. அவன் வண்டி புதுசு, பாட்டு வேற போடறான். வர்ற வியாழக்கிழமை சந்தைக்கும் நான் போவலீன்னா, அப்புறம் என்னை எவன் கூப்புடுவான்?"

நான் பதில் சொல்லவில்லை. அது என் பழக்கம்.

2. பழைய இன்ஜின் வாங்கும் விதம்

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இன்ஜின் மேல் கையை வை. சூடாக இருந்தால் வாங்காதே. நீ வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூட்டில் எல்லா இன்ஜினும் ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்ததைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பேட்டரியும் டீசல் கேனும் கொடுப்பார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திற. புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் போச்சு. ஆயில் பால் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் நம்பரை நன்றாகப் பார். சுரண்டியிருந்தால் திரும்பி வந்துவிடு. பில்லும், வண்டியை முறைப்படி உடைத்த பேப்பரும் வாங்கு. ஆர்.சி. புக்கில் நம்பர் மாற்ற அது வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதை அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போனோம். பாஷா பாய் கடையில் பல வருஷமாக வாங்குகிறேன். பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு வேறு எடுப்பது அங்கே வழக்கம். மாதம்மாவின் இன்ஜினைச் சின்ன லோடு வண்டியில் ஏற்றிப் போயிருந்தோம்.

மார்க்கெட்டில் இன்ஜின்களைப் பழைய டயர் மேல் உட்கார வைத்திருப்பார்கள். உருளாது, ஆடாது. பாய் ஒன்றைக் காட்டினார்.

"சேம் இன்ஜின்ணா. ஆக்ஸிடென்ட் வண்டி. பின்னாடிதான் அடி. இன்ஜின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு."

"எத்தினியாவது கல்யாணம்?" என்றார் மாதம்மா.

பாய் என்னைப் பார்த்தார். "யாருண்ணா இவங்க? நீங்க வந்தா வாயே தொறக்க மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து இவங்களே பேசறாங்க."

கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தோம். நல்ல சத்தம். புகை இல்லை. நம்பர் சுத்தம். பேப்பர் இருந்தது. வழியில் ஆடக் கூடாது என்று டயரோடு சேர்த்தே தூக்கி ஏற்றினார்கள்.

கிளம்பும்போது பாய், "ஓடினதும் சொல்லுங்கண்ணா" என்றார். எப்போதும் சொல்வதுதான். எல்லாக் கடையிலும் சொல்வார்கள். தலையாட்டினேன்.

3. அடிப்பக்கம்

செவ்வாய்க்கிழமை செயின் பிளாக்கில் மாட்டி இன்ஜினை மேலே தூக்கினேன். டயரை விட்டு எழுந்தபோதுதான் அடிப்பக்கம் தெரிந்தது.

ஆயில் நிற்கும் சம்ப்பின் பள்ளம் முன்பக்கம் இருந்தது. மாதம்மா வண்டியில் அது பின்பக்கம் இருக்க வேண்டும். முன்னால் கிராஸ் மெம்பர் என்ற இரும்புச் சட்டம் குறுக்கே போகிறது. இறக்கினால் அதில் இடிக்கும், உட்காராது. அதே இன்ஜின்தான், ஆனால் வேறு மாடல் வண்டிக்குச் செய்தது. பார்க்க வேண்டிய இடத்தை டயர் மூடியிருந்தது.

பழைய சம்ப்பையும் அதற்குள் இருக்கும் ஆயில் உறிஞ்சும் பைப்பையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அவை பழைய இன்ஜினோடு பாய் கடையில் இருந்தன. எக்ஸ்சேஞ்ச் இன்ஜினை மறுநாளே உடைத்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். அலுமினியம் தனி, இரும்பு தனி.

மாதம்மா தொங்கும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஃபோன் போடுங்கண்ணா. எடுத்து வெக்கச் சொல்லுங்க."

"வேணாம். தேவைன்னு தெரிஞ்சா வெலை ஏத்துவான்."

"உடைச்சிட்டா?"

"நேர்ல போலாம்."

"நீங்க பேசறதுக்கு அஞ்சிக்கிட்டு பெங்களூருக்கே போவீங்க போலிருக்குதே!"

புதன்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

4. சாக்பீஸ்

பாய் எங்களைப் பார்த்ததும், "ஓடலையா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

தார்ப்பாயை விலக்கினார். மூன்று இன்ஜின் இருந்தது. ஒன்று மாதம்மாவுடையது. ஒரு போல்ட்கூடக் கழற்றவில்லை. மாதம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்ததில், இன்ஜினை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட்டில் ஒரு வெல்டிங் இருந்தது. அது நான் வைத்தது. கம்பைநல்லூர் ரைஸ் மில்காரர் காருக்கு. மூன்றாவதும் நான் கொடுத்ததுதான், பாலக்கோடு வாத்தியாருடையது. மூன்றின் மேலும் சாக்பீஸில் கன்னடத்தில் எழுதியிருந்தது.

"அது என்ன எழுத்து?"

"தர்மபுரி. உங்க ஊருண்ணா."

"ஏன் உடைக்கல?"

"நீங்க சொல்லலையே! வண்டி ஓடுதுன்னு ஃபோன் வந்தாத்தான் நான் பழசை உடைப்பேன். ஏதாவது ஒரு பைப்பு, ஒரு பிராக்கெட்டு வேணும்னு வருவாங்க, இப்ப நீங்க வந்த மாதிரி. மத்தவங்க ரெண்டு நாள்ல சொல்லிருவாங்க. நீங்க சொல்றதே இல்லை. ஒரு மாசம் ரெண்டு மாசம் பார்ப்பேன். அப்புறம் எடம் வேணுமே, உடைப்பேன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே பாய்."

"ஒவ்வொரு வாட்டியும் சொல்றேனே. ஓடினதும் சொல்லுங்கன்னு."

மாதம்மா தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சம்ப்பையும் பைப்பையும் கழற்றிக்கொண்டேன். புதிய இன்ஜினில் இருப்பதை அனுப்பிவிடுகிறேன் என்றேன். பாய் மேற்கொண்டு காசு எதுவும் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

5. வியாழக்கிழமை

விடிவதற்குள் இன்ஜினை உட்கார வைத்துவிட்டேன். ஹோஸை மாற்றி, ஹீட் மீட்டரையும் சரி செய்தேன். மாதம்மா மலைக்கு ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் முள் கொஞ்சம் எழும், மறுபடி அடங்கும். மேலே போய்ச் சேர்ந்தபோது அது பாதியைத் தாண்டாமல் நின்றது.

மூட்டைகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். பெருமாள் வண்டியும் நின்றது. அதில் இரண்டு மூட்டை ஏறியிருந்தது. ஒரு பெரியவர் மாதம்மாவைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா? உன் வண்டி செத்துப் போச்சுன்னாங்களே" என்றார். "செத்துச்சுங்க. வேற உயிரு வாங்கிப் போட்டிருக்குது" என்றார் மாதம்மா. மற்ற மூட்டைகள் இந்த வண்டிக்கு வந்தன.

டவர் கிடைக்கும் பாறைப் பக்கம் போனேன். பாய்க்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அப்போதுதான் நினைப்பு வந்தது. மற்ற இரண்டு வண்டி ஓடுகிறதா என்று எனக்கே தெரியாது. மாட்டிக் கொடுத்ததோடு சரி. நானும் யாரையும் கேட்டதில்லை.

வாத்தியார் உடனே எடுத்தார். "ஜம்முனு ஓடுது" என்றார். பிறகு மில்காரரைக் கூப்பிட்டேன்.

"வண்டி ஓடுதுங்களா?"

"ஏன் மெக்கானிக்கு? எதாச்சும் பிரச்சினையா?"

"இல்லீங்க. கேட்டேன்."

அதற்குப் பிறகுதான் சொன்னார். "ஓடுது. ஆனா வலது பக்கம் ஒரு ஆட்டம் இருக்குது, மொத நாள்ல இருந்தே. சொன்னா நீ எதுவும் பேச மாட்ட, கோவமோ என்னமோன்னு விட்டுட்டேன்."

வேலை முடிந்தது என்று நான் சொல்லிக்கொண்டால் போதாது. வண்டி வைத்திருப்பவர் சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு நாம் கேட்க வேண்டும். இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டயரைத் தள்ளிவிட்டு அடியில் பார்ப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

பாய்க்குப் போன் போட்டேன். குரல் கேட்டதும் பயந்துவிட்டார்.

"என்னாச்சுண்ணா?"

"மாதம்மா வண்டி மலை ஏறிடுச்சு. அதை உடைங்க. வெல்டிங் வெக்காத இன்னொண்ணு வாத்தியாரோடது, அதையும் உடைங்க."

"ஆய்த்துண்ணா, உடைச்சிடறேன். அந்த வெல்டிங் வெச்சது?"

"அந்த வண்டி ஆடுதாம், பிராக்கெட் தேவைப்படும். நாளைக்குக் கம்பைநல்லூர் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் எழுத்தை அழிக்காதீங்க."