நான் கொடுத்த பத்துக் காப்ஸ்யூல்கள்

கட்டிங் மாஸ்டர் டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். கிளாஸில் முக்கால் அளவுதான் டீ இருந்தது. அவரே கேட்டு வாங்கிய அளவு. டீக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், பின்னும் ஒரு டம்ளர் குடித்தார். திருப்பூரை ஒட்டிய அருள்புரம் பேக்கரியில் அப்போது பத்துப் பேராவது நின்றிருந்தோம். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் அதற்கு முன் சில வருடங்கள் அப்படித்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"கை நடுங்குதுங்களா?" என்று கேட்டேன்.

"சூடு அண்ணாச்சி" என்றார். கிளாஸை வைத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் லைன் வீட்டில் எனக்கு இரண்டு வாசல் தள்ளி மனைவியோடு குடியிருந்தார். அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மனைவி அங்கேயே தைத்த உருப்படிகளைப் பார்க்கும் செக்கிங். நான் சேவூர்க்காரன், ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபராக இருந்தேன். எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில், நரம்பு டாக்டர் என்று எல்லோரும் சொன்ன மனநல மருத்துவரின் வராந்தா பெஞ்சில், அவர் உட்கார்ந்திருந்தார். மடித்த செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். என்னுடைய பத்திரிகைதான். நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பும் பேருந்தில் சிங்காநல்லூர் தாண்டிய பிறகு, முன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. மொதலாளி காதுல விழுந்துச்சுன்னா கட்டர் பக்கமே விடமாட்டாரு. கிறுக்கன் கையில கத்தியக் குடுத்து வச்சிருக்கோம்பாரு."

அவர் மிகைப்படுத்தவில்லை. அதே கம்பெனியில் வலிப்பு வந்த ஒருவரை மறுநாளே மெஷினிலிருந்து எடுத்து வாசலில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். கட்டிங் மேசையில் துணியை அடுக்கு மேல் அடுக்காக விரித்து, மேல் அடுக்கில் அளவு வரைந்து, நின்ற வாக்கில் ஓடும் கத்தி உள்ள மின் கட்டரைக் கோட்டின் மேல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அரை அங்குலம் பிசகினால் எண்பது சட்டைகளின் கழுத்து ஒரே நேரத்தில் கெட்டுப்போகும். துணியை அமுக்கிப் பிடிக்கும் இடது கை கத்தியிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் இருக்கும். துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுபவராக ஊரிலிருந்து வந்து, ஏழு வருடங்களில் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தவர் அவர். அந்த மேசைதான் அவருடைய பேர்.

அன்றிலிருந்து நாங்கள் ஒரே நாளில் டாக்டரைப் பார்க்கப் போக ஆரம்பித்தோம். திரும்பும் பேருந்தில் மாத்திரைகளைப் பற்றிப் பேசுவோம். வேறு எங்கும் அதைப் பேச முடியாது.

எனக்கு அந்த நோய் வந்தது எண்பதுகளின் நடுவில். ஒரு சாயப்பட்டறைத் தீ விபத்து. எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று எல்லாம் குறிப்பில் இருந்தது. முதல் வாக்கியம் வரவில்லை. செய்திக் கவரை வாங்கிப்போகும் கோவை பஸ் கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். அப்படி மூன்று மாதங்கள். குளிப்பது பெரிய வேலையாக இருந்தது.

முதலில் கொடுத்தது இமிப்ரமைன். நாக்கு அட்டையைப் போல ஆனது. மார்கழியிலும் சட்டை நனைந்தது. கை நடுங்கியதால் பேட்டிகளில் பேனாவை மேசையில் ஊன்றி எழுதினேன். மூன்றாவது வாரம், விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு கிடப்பது நின்றது. நான்காவது வாரம் பொதுக்குழாய்த் தகராறு ஒன்றை எட்டு வரியில் எழுதி அனுப்பினேன். மறு வருடம் மறுபடி வந்தபோது அமிட்ரிப்டிலின் கொடுத்தார். நடுக்கம் குறைவு, தூக்கம் அதிகம். போனஸ் பேச்சுவார்த்தை ஒன்றில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டு, என்ன முடிவானது என்று போட்டிப் பத்திரிகைக்காரரிடம் கேட்டு எழுதினேன். அவர் இரண்டு விவரங்களைத் தப்பாகச் சொன்னார். வேண்டுமென்றேதான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாஸ்டர் இதைக் கேட்டுப் பேருந்து திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

அவருக்கு எல்லாம் வேறு மாதிரி. இமிப்ரமைன் மனத்தைத் தொடவே இல்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டது. அமிட்ரிப்டிலினில் மனசு லேசானது. ஆனால் காலை பதினோரு மணி வரை மேசையருகே நின்றபடியே கண் சொருகியது, நடுக்கமும் முழுதாக விடவில்லை.

"ஒரே நூலுதான் அண்ணாச்சி. ஒங்க ஒடம்புல நெய்தா ஒரு ஜி.எஸ்.எம்., என் ஒடம்புல நெய்தா ஒரு ஜி.எஸ்.எம்." என்றார். ஒரு சதுர மீட்டர் பின்னல் துணியின் எடையை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "டாக்டருக்கு இது தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் மாத்தி மாத்திக் குடுக்கறாருங்க."

"மாத்துதாரு. அதுவரைக்கும் என் வெரலு தாங்கணும்லா."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாக்டர் எனக்கு ஃப்ளூவாக்ஸடின் எழுதினார். புது மருந்து, பச்சையும் வெள்ளையுமான காப்ஸ்யூல். முதல் பத்து நாள் வயிறு எரிந்தது, உள்ளுக்குள் யாரோ அவசரப்படுத்துவது போல இருந்தது, சோறு இறங்கவில்லை. பிறகு அது அடங்கியது. வாய் ஈரமாக இருந்தது. கை நடுங்கவில்லை. பகலில் தூக்கம் இல்லை. நான் அதை மாஸ்டரிடம் அளவுக்கு மீறிப் புகழ்ந்தேன். ஒரு செய்தியை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் அனுப்பக் கூடாது என்று பழகியவன், இதை யாரிடமும் விசாரிக்கவில்லை.

அவர் என் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஷிப்மென்ட் வருது அண்ணாச்சி. டாக்டர்ட்ட போவ இன்னும் மூணு வாரம் இருக்கு. நேத்து கழுத்து வளைவுல கட்டர் ஒரு நூல் வெலகிட்டு. மொதலாளி பாத்துட்டாரு, ஒண்ணும் சொல்லல. எனக்கும் பத்து குடுங்க."

என் மாத்திரைகளைக் கறுப்பு ஃபிலிம் ரோல் டப்பாவில் வைத்திருப்பேன். எண்ணிப் பத்து கொடுத்தேன். காலையில் சாப்பிட்டுவிட்டு ஒன்று என்று சொன்னது நினைவிருக்கிறது. பழைய மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொன்னேனா என்பது நினைவில் இல்லை. அந்தக் காலத்தில் எதையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அந்தக் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் நகராட்சிக் கூட்டம் மட்டும்தான் இருக்கிறது.

எட்டாம் நாள் மதியம் அவர் மனைவி செக்கிங்கில் கட்டியிருந்த ஏப்ரனோடு என் வாசலுக்கு ஓடி வந்தார்.

"அண்ணே, இவியள வந்து பாருங்க. நேத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போவல. வயிறு கல்லு மாரி இருக்கு. நெஞ்சு படபடன்னு அடிக்குங்காவ. துணி அலையடிக்குங்காவ. வேலைக்குப் போவாதீங்கன்னேன், கேக்கலியே. இப்பமும் கட்டர்லதான் நிக்காவ."

"காப்ஸ்யூல் தினமும் சாப்பிட்டாருங்களா?"

"ரெண்டையும்தான் சாப்பிடுதாவ. காலைல ஒங்களது, சாயந்திரம் பழசு."

கம்பெனிக்கு மூன்று நிமிட நடை. ஓடினோம். ஓடும்போது நான் யோசித்தது என்னைப் பற்றி அல்ல என்று சொல்ல ஆசைதான். என்னைப் பற்றியும் யோசித்தேன்.

கட்டிங் மேசை ஷெட்டின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் ஓவர்லாக் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் குனிந்திருந்தார். முகம் வேர்க்காமல் சிவந்து காய்ந்திருந்தது; கண்ணின் கருமணி பெரிதாக விரிந்திருந்தது. கட்டர் அடுக்குக்குள் பாதி தூரம் போயிருந்தது. அவர் அதைத் தள்ளிக்கொண்டே யாரிடமோ, "சுருக்கம் எடுங்கடே, சுருக்கம் எடுங்கடே" என்றார். அங்கே யாரும் இல்லை, துணியில் சுருக்கமும் இல்லை. இல்லாத சுருக்கத்தை நீவ இடது கை முன்னால் போய்க்கொண்டிருந்தது. கத்திக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான்.

நாலு மேசை தள்ளி முதலாளி நின்று ஒரு சாம்பிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டரைக் கூப்பிட்டால் திரும்புவார்; திரும்பினால் கட்டர் திரும்பும். தோளைப் பிடித்தாலும் அப்படித்தான். அவர் மனைவி என் முழங்கையைப் பிடித்து, "சத்தம் போட்றாதீங்கண்ணே, மொதலாளி" என்றார். எதற்குப் பயந்து சொன்னார் என்று எனக்கு அப்போதே புரிந்தது. மெயின் ஸ்விட்ச் கதவோரம் இருந்தது. நான் அதை இறக்கினேன்.

ஷெட் முழுவதும் நின்றது. கட்டரின் கத்தி மெதுவாக ஓய்ந்தது. நாற்பது பேர் தலை தூக்கினார்கள். ஒரு பெண், "கரண்ட் புடுங்கிட்டானா?" என்றார்.

"ஏனுங்க சார், மெயின ஆஃப் பண்ணிப்போட்டீங்க? ஷிப்மென்ட் நாளுங்க" என்று முதலாளி வந்தார். கோபத்திலும் 'ங்க' விடாத குரல்.

"மாஸ்டருக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"காய்ச்சலுங்க மொதலாளி" என்றார் மனைவி, என்னை முந்திக்கொண்டு.

மாஸ்டர் மேசையை விட்டு வரவில்லை. "இன்னும் ஒரு வளைவுதான்" என்றார் மூன்று முறை. முதலாளியே அவர் கையிலிருந்து கட்டரின் கைப்பிடியை விடுவித்தார். பிறகு தன் காரிலேயே திருப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அதற்கு அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

பணியிலிருந்த டாக்டர் நாடியைப் பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார். "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தார். முதலாளி கார்ச் சாவியோடு எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். டாக்டரைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பல பேர் சொன்னார்கள். எனக்கு அது தோன்றவில்லை. ஃபிலிம் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன்.

"மனச் சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் எடுத்துக்கிட்டிருக்காருங்க. ஒரு வாரமா இதையும் சேத்து எடுத்திருக்கார். இது நான் குடுத்தது."

டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "புது மருந்து பழைய மருந்தை உடம்பை விட்டு வெளியே போக விடாது. தினமும் சாப்பிட்டது அப்படியே சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. இதயத் துடிப்பு தவறியிருந்தால் இவர் இங்கே உயிரோடு வந்திருக்க மாட்டார்" என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டியூப் போட்டுச் சிறுநீரை இறக்கினார்கள். முதலாளி, "பாத்துக்கங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மாஸ்டர் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். ஏன் இரண்டையும் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நூல் கோன் தீரப்போவும்போது மெஷின நிப்பாட்டவா செய்தோம்? பழைய கோனோட வாலுல புதுசோட நுனிய முடிஞ்சு விட்ருவோம். மெஷினு பாட்டுக்கு ஓடும். நிப்பாட்டுனாத்தான் துணியில ஓட்ட விழும். அப்படித்தான் ஓட்டுனேன்."

நிட்டிங் மெஷினில் கற்றதை அவர் பிசகில்லாமல் செய்திருந்தார். அதில் சிரிக்க எதுவுமில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "மொதலாளி கேட்டுக்கிட்டு நின்னாரோ?"

"ஆமாங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனார். முதலாளி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏனுங்க மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு மார்க்கிங் பாருங்க. ஒடம்பு தேறட்டும்" என்றார். மாஸ்டர் மேல் அடுக்கில் சாக்கட்டியால் கோடு போட்டார்; அவரிடம் வேலை கற்றவர் அந்தக் கோட்டின் மேல் கட்டரைத் தள்ளினார். கொஞ்ச நாள் என்பது ஆறு மாதம் ஆனது. ஷெட்டில் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவது முதலில் குறைந்தது, பின்பு நின்றது. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் அருள்புரத்துக்கு வராமல் அவிநாசிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு கம்பெனியில் அவர் மறுபடி கட்டரில் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கம்பெனிக்குச் செய்தி சேகரிக்கப் போக வேண்டிய சந்தர்ப்பம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நான் போகவில்லை. அவருக்கும் எனக்கும் பழக்கம் உண்டு என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் கோயம்புத்தூர் வராந்தாவில் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. நகர்ந்து இடம் கொடுத்தார். என் மகள் படிப்பை விசாரித்தார். நான் அவர் மனைவியை விசாரித்தேன். அவர் முதலில் உள்ளே போய் வந்தார். மருந்துச் சீட்டு கையில் இருந்தது.

"இப்ப எதுங்க குடுத்திருக்காரு?" என்று கேட்டுவிட்டேன். பழக்கம்.

அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"அத மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி. எனக்குக் குடுத்தது எனக்கு. ஒங்களுக்குக் குடுத்தது ஒங்களுக்கு."

டாக்டரின் உதவியாளர் என் பெயரைக் கூப்பிட்டார். நான் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பெஞ்சில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.