பனியனில் அச்சடித்த வருஷம்

போன ஞாயிறு, நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் வினாடி வினா. தலைப்பு — உலக நாடுகளின் அரசியல், சமூக வரலாறு. நடத்தியவன் அடியேன்.

தேர்வு நடத்தும் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் ஆயிற்றே... விதிமுறைகளே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆட்சேபணை இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள், எழுத்து மூலம், கையெழுத்துடன். யார் எழுதப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

முதல் பரிசு, டீமில் எல்லோருக்கும் சம்பளத்துடன் ஆறு நாள் லீவு. ஷிப்மென்ட் நேரத்தில் அது தங்கம்.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது ஆபீஸ் டீமும் பேக்கிங் டீமும் சமம். பேக்கிங் டீமின் கேப்டன் மாரியம்மாள், தென்காசிப் பக்கம். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறார். அடுத்த வாரம் பரீட்சை. லீவு கேட்டதற்கு இரண்டு முறை 'பார்க்கலாம்' கிடைத்திருக்கிறது.

கேட்டேன்: "நாடு முழுவதற்குமான தேர்தலில் பெண்கள் முதலில் ஓட்டுப் போட்டது இந்தியாவிலா, சுவிட்சர்லாந்திலா?"

ஆபீஸ் டீம் சுவிட்சர்லாந்து என்று எழுதியது. மாரியம்மாள் இந்தியா என்று எழுதினார். என் கையிலிருந்த விடைக்குறிப்பில், அதாவது 'கீ'யில், சுவிட்சர்லாந்து. "பேக்கிங் டீம் தவறு" என்றேன்.

மூன்றாவது நிமிடம், அட்டைப்பெட்டி ஸ்டிக்கரின் பின்பக்கத்தில் எழுதிய ஆட்சேபணையை மாரியம்மாள் என் கையில் கொடுத்தார். கையெழுத்துடன்.

"சுவிட்சர்லாந்துல எழுபத்தொண்ணுலதான் சார் பொம்பளைகளுக்கு ஓட்டு. அதுக்கு அம்பது வருசம் ஆச்சுன்னு ஒரு ஆர்டர் வந்துச்சு. பனியன்ல 1971ன்னு அடிச்சிருந்துச்சு. நாந்தான் பேக் பண்ணேன். என்ன வருசம்னு அப்பவே மெர்ச்சன்டைசர் சார்ட்ட கேட்டுக்கிட்டேன்."

வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் அந்த மெர்ச்சன்டைசர் உட்கார்ந்திருந்தது ஆபீஸ் டீமில். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறு நாள் லீவு அவருக்கு. எழுந்தார்.

"ஆமாங்க சார். நாந்தானுங்க சொன்னேன். நானே மறந்துட்டனுங்க."

போனில் தேடினேன். 1971 தான். நாமோ முதல் பொதுத் தேர்தலிலேயே ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்றவர்கள். பணக்கார நாடு, பனிமலை, கடிகாரம்... அங்கே எல்லாம் முன்னாலேயே நடந்திருக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன். சரிபார்க்கக்கூடத் தோன்றவில்லை. படித்தவர்களுக்கு மட்டுமே வருகிற வியாதி இது.

"கீயே தப்புன்னா என்னங்க பண்றது?" என்றார் மேனேஜர். ஒன்றரைப் பக்கத்தில் அதற்கு மட்டும் விதி இல்லை. பேனாவை எடுத்து அங்கேயே சேர்த்தேன்: 'விடைக்குறிப்பு தவறானால், தயாரித்தவர் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.' கேட்டேன்.

மேனேஜர் பேக்கிங் டீமின் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "நல்லா எழுதீட்டு வா கண்ணு."

கிளம்பும்போது மாரியம்மாள் தயங்கினார். "பரீட்சையில இதே கேள்வி வந்தா, நான் சொன்னதையே எழுதலாமா சார்?"

"தாராளமா எழுதுங்கம்மா. அந்தப் பேப்பரைத் திருத்தப்போறது நான் இல்லை."