ஐந்தாவது டயருக்கு ஓர் எலுமிச்சம்பழம்

கனகம்மாசத்திரம் தாண்டியதும் என் கார் பஞ்சர். திருத்தணி மலைமேல் அண்ணனுக்குக் கல்யாணம். தாலி அம்மாவின் மடியில் இருக்கிறது, சீர்த்தட்டுகள் நைனாவின் மடியில். டிக்கியை முழு அளவு ஸ்டெப்னி அடைத்திருக்கிறது. அதை வீட்டிலேயே இறக்கச் சொல்லிக் காலையிலிருந்து நைனா முணுமுணுத்தார். நான் கேட்கவில்லை.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுகிறேன். சாலையோர ஜூஸ் கடைக்கார அக்கா எட்டிப் பார்க்கிறாள்.

"ஏங்க, பொண்ண வேலை வாங்கிகினு நீங்க குந்திகினு இருக்கீங்களே?"

"எங்க வீட்ல பள்ளிக்கூடம் போனதே இது ஒண்ணுதாம்மா. எல்லாம் அதுக்குத்தான் தெரியும்" என்கிறார் நைனா, சிரிப்பை அடக்க முடியாமல்.

நட்டுகளை இறுக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தால் நைனா தடுக்கிறார். "இரும்மா. பூசை அன்னிக்கு நாலு டயர்தானே எலுமிச்சம்பழம் நசுக்குச்சு? இது டிக்கியில இருந்துச்சே. பூசை போடாத டயர்ல தாலி எடுத்துகினு போலாமா?"

"முகூர்த்தம் போயிடும் நைனா!"

அக்கா கடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துவந்து ஸ்டெப்னியின் முன்னால் வைக்கிறாள். "ஏத்து கண்ணு."

ஏற்றுகிறேன். பழம் நசுங்குகிறது. அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

மலைப்பாதையில் கார் குலுங்காமல் ஏறுகிறது. மேலே மேளக்காரர்கள் காத்திருக்கிறார்கள். மாலையும் கழுத்துமாக அண்ணன் ஓடி வருகிறான்.

"ஏன் நைனா லேட்டு?"

"பஞ்சருடா. நல்லவேளை, பெரிய ஸ்டெப்னியா எடுத்துகினு வரச் சொன்னேன்" என்கிறார் நைனா.