விசில் அக்கா ஸ்டியரிங் பிடித்த கதை

ஒன்பது வருஷமாக அவள் பள்ளிப் பேருந்தில் உதவியாளர். பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். வண்டி பின்னால் வரும்போது கீழே நின்று விசில் ஊதுவாள். அதனால் பிள்ளைகளுக்கு அவள் விசில் அக்கா. முட்டி வலியோடு இன்னும் இரண்டே வருஷம்தான் ஓட்டுவேன் என்று ஓட்டுநர் சொன்ன அன்று மாலை, தையற்காரக் கணவனிடம் பேச்செடுத்தாள்.

"அந்த வண்டிய இனிமே நான் ஓட்டப் போறேன்."

அவன் மெஷினை நிறுத்தினான். "நாப்பத்தி மூணு வயசுல? சைக்கிளத் தவிர நீ எதையும் ஓட்டினதில்லையே."

"அதான் கத்துக்கப் போறேன்."

முதலில் கார் உரிமம். ஒரு வருஷம் கழித்துப் பெரிய வண்டி. கால் கிளட்சுக்கு எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளக் கணவன் ஒரு திண்டு தைத்துக் கொடுத்தான். தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் உரசினாள். இரண்டாம் முறையும் அதே கம்பம்.

"அதுக்கும் உனக்கும் என்னடி பகை?" என்றான் கணவன்.

அவள் சிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் பள்ளி மைதானத்தில் பழைய டயர்களை அடுக்கிவைத்து, அவற்றுக்கு நடுவே பின்னால் எடுத்துப் பழகினாள். இப்போது கீழே நின்று விசில் ஊதியது ஓட்டுநர். மூன்றாம் முறை தேறினாள்.

ஓட்டுநர் விலகும் நேரம் வந்ததும் அந்த வேலையை அவள் கேட்க, பள்ளி மேலாளர் தயங்கினார். "பெத்தவங்க என்ன சொல்வாங்களோ தெரியலையேம்மா."

"எந்தப் புள்ள தூங்கும், எது வாந்தி எடுக்கும்னு எனக்குத் தெரியும் சார். புதுசா வர்றவருக்குத் தெரியாது."

மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

முதல் நாள் நாற்பத்தொரு பிள்ளைகளையும் மணி அடிக்கும் முன் கொண்டு சேர்த்தாள்.

இரண்டாம் மாதம் பெருமழை. ரயில் பாலத்தின் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. அவள் ஓரமாக நிறுத்தினாள். இரண்டு வண்டிகள் அவளைத் தாண்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. புது உதவியாளர் போனை நீட்டினாள். மேலாளர்தான்.

"எல்லாரும் வர்றாங்கல்ல, நீயும் வாம்மா. இன்னைக்குப் பரீட்சை."

"ஆழம் தெரியல சார். சுத்தி வர்றேன்."

நாற்பது நிமிஷம் தாமதம். மேலாளர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். ஈரச் சேலையோடு மேசையருகே நின்றபடியே எழுதினாள்: 'தண்ணீரின் ஆழம் எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் தெரியாவிட்டால் நாளைக்கும் சுற்றித்தான் வருவேன்.'

அவர் இரண்டு முறை படித்தார். "கையெழுத்துப் போடலையே," என்றார்.

போட்டாள். தாள் கோப்புக்குள் போனது. அடுத்த மாத முடிவில் அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று.